மணி அடிச்சா எடுங்கப்பா

டிஸ்சார்ஜ் என்றதுமே பெரியவர் ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றிவிட்டுத் தன் சட்டையை மாட்டிக்கொண்டார். ஒன்பது நாளில் ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். சட்டை தோளில் தொளதொளத்தது.

"வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்புவோம் ஐயா" என்றாள் நர்ஸ்.

"பையன் வருவான்மா."

"இத்தனை நாளா எட்டிக்கூடப் பார்க்கலையே?"

பிள்ளையைச் சொன்னால் பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அவனுக்குத் தலைக்கு மேல வேலை. அக்கறை இல்லாமலா இதை வாங்கிக் குடுத்தான்?" தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "என்னைச் சேர்த்த அன்னைக்கே, எதிர்க்கடையில, புது நம்பரோட. எனக்கு இதெல்லாம் பேசத் தெரியாதேடான்னேன். நீங்க யாரையும் கூப்பிட வேணாம், மணி அடிச்சா எடுங்கப்பா, அது போதும்னான்."

"அடிச்சுதா?"

"அடிக்கும்."

நர்ஸ் வார்டின் கோடியில் இருந்த தன் மேசைக்குப் போனாள். சேர்க்கும்போது மகன் எழுதிக்கொடுத்த படிவத்தைத் தேடி எடுத்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் அவன் பெயரும், பக்கத்தில் ஒரு நம்பரும் இருந்தன. ரிசீவரை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள்.

பெரியவர் கையில் போன் முதல் தடவையாக மணி அடித்தது.

"பாத்தீங்களா, வந்துட்டான்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிட்டு, அவசரமாகக் காதில் வைத்தார்.

"வாசல்லதான் இருக்கியாப்பா?"

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டேய், நான் பேசறது கேக்குதா?"

கேட்டது. வார்டின் கோடியில், ரிசீவரோடு அவரையே பார்த்தபடி நின்ற நர்ஸுக்கு.