அவரிடம் இருந்த ஒரே குறை

அப்பா விட்ட குறட்டையில் ஜன்னல் கம்பி வளைந்தது. தெரு நாய்கள் ஊரைக் காலி செய்தன. அவர் போன நாளிலிருந்து கண்மூடாத அம்மாவைச் சுற்றி, பிள்ளைகள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கமான மனுஷன். அந்தக் குறட்டை ஒண்ணுதான் குறை!" என்றான் மூத்தவன்.

"மாடியில படுத்தாலும் கட்டில் ஆடுமே!" மருமகன் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "அவர் இருந்தப்பவும் இதே கேலி. போனப்புறமுமா? நாப்பது வருஷம் பக்கத்துல படுத்தவ சொல்றேன், அவர் குறட்டையே விட்டதில்லை!"

"நீ தூங்கிட்டா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டியேம்மா!"

"போடா! அவர்கிட்ட இருந்த ஒரே குறை வேற. நான் கண்ணை மூடினா போதும், 'தூங்கிட்டியா?'ம்பார். கொஞ்ச நேரத்துல மறுபடியும் 'தூங்கிட்டியா?' எத்தனை நாள் எரிஞ்சு விழுந்திருக்கேன்!"

கூடத்தில் சிரிப்பு நின்றது.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தூங்கினது தெரிஞ்சப்புறம்தான் அவர் தூங்குவாராம்மா. தான் முந்திக்கிட்டா, பாவம், உனக்குத் தூக்கமே வராதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கார்."

அம்மா நிமிர்ந்து, சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"இன்னும் தூங்கலைங்க" என்றாள்.