முன்வரிசைக்காரர்

மேடை ஏறிய கொஞ்ச நேரத்திலேயே விஜயகலாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"த லீஃப் இஸ்... வென் த சிக்னல்..." என்றாள். நிறுத்தினாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

இரத்தினபுரியில், இணையச் செயலிகள் செய்கிறவர்களுக்கான மாநாடு. கேட்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர்கள். ஆனாலும் காலையிலிருந்து பேசியவர்களும் கேள்வி கேட்டவர்களும் ஆங்கிலத்தை விட்டு இறங்கவில்லை. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. வேறு மொழியில் பேசினால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம்தான்.

இரண்டாம் வரிசையில் கிருஷாந்த் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனும் விஜயகலாவும் ஓப்பநாயக்கவில் ஒரே தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளில் ஒரே லயம். கம்ப்யூட்டர் படித்ததும் ஒன்றாகத்தான். இந்தப் பேச்சை அவள் கண்ணாடி முன்னால் நின்று எப்படியெல்லாம் மனப்பாடம் செய்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இன்றைக்கு நன்றாகப் பேசும் புதியவர் ஒருவருக்கு வேலை தருவதாகக் கொழும்புக் கம்பனி ஒன்று சொல்லியிருந்தது. அந்தக் கம்பனியின் மேலாளர் அம்மா மேடைக்கு நேரே உட்கார்ந்திருந்தார். இது கைவிட்டுப் போனால் விஜயகலாவுக்கு அடுத்த மாதம் கார்மெண்ட்ஸ் தையல் வேலைதான்.

கிருஷாந்துக்கு முன்னால் இருந்த ஆளோ மேடையைக் கவனிக்கவே இல்லை. நரைத்த தாடி, கசங்கிய சட்டை. பக்கத்து இருக்கைச் சிங்களவரின் காதில் ஏதோ குசுகுசுத்தார். அவர் ஏதோ சொல்ல, இவர் உதட்டை அசைத்துக்கொண்டே மறுபடியும் கேட்டார்.

"ஒருத்தி மேடையில தவிச்சிக்கிட்டு நிக்கிறா, இவருக்குக் கதை கேக்குது" என்று முணுமுணுத்தான் கிருஷாந்த்.

அந்த ஆள் திடீரென்று எழுந்து கையை உயர்த்தினார்.

"இங்கிரீசி தேரென்னெ நே, நங்கி. சிங்களென் கியன்ன."

ஆங்கிலம் விளங்கவில்லை தங்கச்சி, சிங்களத்தில் சொல்லுங்கள் என்கிறார். அதையும் உடைந்த சிங்களத்தில் சொன்னார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கிருஷாந்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரேயடியாகத் தள்ளிவிட்டாரே என்று பட்டது.

விஜயகலா மேலாளர் அம்மாவைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையசைத்தார்.

அவள் தாளை மடித்து வைத்தாள்.

பஸ்ஸிலும் கடையிலும் விளையாட்டுத் திடலிலும் சின்ன வயதிலிருந்து பேசிய சிங்களம். தடங்கலில்லாமல் வந்தது.

"எங்கள் மலையில் சிக்னல் இல்லை. கொழுந்தை எடை போட்டதும் நிறையைப் போனில் பதிய வேண்டும். அது போகவில்லையென்று நினைத்து, பறித்தவர்கள் மறுபடியும் மறுபடியும் அழுத்துவார்கள். கோயில் வளைவுக்கு வந்ததும் சிக்னல் கிடைக்கும், எல்லாம் சேர்ந்து போய் விழும். ஒரே கொழுந்து இரண்டு மூன்று தடவை ஏறிவிடும். கள்ளக் கணக்குக் காட்டினாய் என்று கொழுந்து பறித்தவளுக்கு ஏச்சு விழும். அப்படி ஏச்சு வாங்கியது என் அம்மா."

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள்.

"பிழை அவருடைய விரலில் இல்லை. செயலியை எழுதிய எங்களிடம்தான் இருந்தது."

ஒவ்வொரு நிறுவைக்கும் அந்த இடத்திலேயே தனி அடையாளம் கொடுத்து, எத்தனை தடவை அனுப்பினாலும் ஒன்றாகவே கணக்கில் எடுக்கும்படி தான் மாற்றியதை விளக்கினாள். கேள்விகள் சிங்களத்திலேயே வந்தன. எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். முன்வரிசைக்காரர் அவள் முகத்தையே பார்த்து, வரிக்கு வரி தலையாட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் முதலில் கைதட்டியதும் அவர்தான்.

மேலாளர் அம்மா எழுந்து போய் விஜயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கிருஷாந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த அமர்வுக்கு, பல வருடம் வெளிநாட்டில் பாடம் நடத்திவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிய விரிவுரையாளர் கேதீசன் என்று அறிவித்தார்கள். எழுந்து போனது அதே கசங்கிய சட்டை.

மைக்கைப் பிடித்தவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு.

இதைத்தான் விளங்காது என்றாரா? கிருஷாந்துக்குத் தலை கொதித்தது. தேநீர் இடைவேளையில் நேரே போய் அவர் முன்னால் நின்றான்.

"சார், இங்கிலீசு தெரியாதுன்னு ஏன் பொய் சொன்னீங்க? தோட்டத்துப் புள்ளைன்னு அவளைக் கேலி பண்ணத்தானே?"

கேதீசன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"காலமை மைக் பூட்ட வந்த பொடியனோட அந்தப் பிள்ளை சிங்களத்தில சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவா. மேடையில அந்தப் பிள்ளையைக் காணேல்லை, தம்பி."

"அதுக்கு, எல்லாரும் உங்களைப் பாத்து சிரிக்கிற மாதிரியா கேப்பீங்க?"

"சனம் என்னைப் பாத்துச் சிரிச்சால் அவாவைப் பாத்துச் சிரிக்காது."

கிருஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அது கிடக்கட்டும்" என்றார் கேதீசன். "அவா என்ன சொன்னவா? சனம் அப்பிடிக் கைதட்டினது. எனக்கு ஒருக்காத் தமிழில சொல்லுங்கோவன்."

"நீங்கதானே சார் வரிக்கு வரி தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"பக்கத்தில இருந்தவர் சொல்லித்தந்த அந்த ரெண்டு வசனத்தைத் தவிர, எனக்குச் சிங்களம் தெரியாது, தம்பி."