கப்பலில் இருந்த கேமரா

“படம் ஒண்ணும் வராதுக்கா. கோப்பு பாழாப்போச்சு. இதைப் போய் ஏன் கட்டிக்கிட்டு அழறீங்க?” என்றான் இல்ஹாம்.

இந்தோனேசியாவின் மக்காசார் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையம். பழைய பதிவுகளுக்கெல்லாம் கணினியே குறிப்பு எழுதிவிட வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை. அதற்கான நிரலை எழுதியவன் இல்ஹாம். நிரல் உளறுகிறதா என்று சரிபார்ப்பவள் நுர்லேலா. வார்த்தைக்கு வார்த்தை அவனை வம்புக்கு இழுப்பவள், அன்று காலையிலிருந்து ஒரே ஒரு பழைய கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாங்கி வைத்த வறுத்த வாழைப்பழம் கூட அப்படியே ஆறிக் கிடந்தது.

“படம் வேண்டாம் தம்பி. கேமரா எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு மட்டும் சொல்லு. உன் நிரல்தான் படத்தைப் பார்க்காமலே சொல்லுமே!”

சொல்லும்தான். சுருக்கி வைத்த வீடியோவில் முழுப் படங்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருக்கும். மற்றதெல்லாம், முந்தைய படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது என்ற கணக்கு மட்டுமே. இதில் முழுப் படங்கள் அழிந்துவிட்டன, கணக்கு தப்பித்திருந்தது.

“யாரு எடுத்தது?”

“பாசோ. இங்கதான் கேமராமேனா இருந்தான். கிழக்குக் கோடியில இருக்குற ஜயபுராவுக்கு மாத்தல் வாங்கிட்டு, போற கப்பல்ல நின்னே துறைமுகக் கூட்டத்தை எடுத்து அனுப்பினான். போய் எட்டே மாசம், மலேரியா கொண்டுபோயிடுச்சு.” அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். “கரைப்பக்கம் ஒரு தடவையாவது ஆசையா பார்த்தானா? அது தெரிஞ்சா போதும் எனக்கு.”

பதினோரு வருஷமாக வந்த வரன்களையெல்லாம் அக்கா ஏன் தட்டிக்கழித்தாள் என்பது இல்ஹாமுக்கு அப்போதுதான் புரிந்தது. உடனே நிரலை ஓடவிட்டான்.

திரையில் ‘விலகல்’ என்று வந்தது. அடுத்த வரியிலும் ‘விலகல்’.

“விலகிட்டானா?” நுர்லேலா திரையருகே குனிந்தாள்.

“ஐயோ, இருங்கக்கா! கப்பல் தள்ளிப் போனதை, கேமரா விலகினதா எழுதியிருக்கு இந்த மக்கு. கப்பலோட நகர்வைக் கழிச்சுட்டுப் பார்க்கணும்.”

கழித்தான். இப்போது வரிகள் மளமளவென்று இறங்கின. நெருங்கல். இடம். நெருங்கல். வலம். மறுபடியும் இடம்.

“அக்கா! கப்பல் தள்ளிப் போகப் போக, மனுஷன் கரையை இழுத்து இழுத்துக் கிட்ட கொண்டாந்திருக்காரு! இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு ஆளை விடல!”

நுர்லேலாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “கேமரா எங்கயாவது நின்னுச்சா?”

“நிக்கவே இல்லக்கா. இருபது நிமிஷமும் இதே அலைச்சல்தான். அந்தக் கூட்டத்துல உங்களை எப்படிக் கண்டுபிடிப்பாரு, பாவம்? நீங்களாவது கையைத் தூக்கி ஆட்டியிருக்கக் கூடாதா?”

“நான் போகவே இல்ல தம்பி” என்றாள் அவள். “‘என்னை விட்டுட்டுப் போறவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்’னு, கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தேன்.”