ஒன்பது கட்டங்கள்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், கடலில் சிக்கியவர்களின் பட்டியல் மீனவர் சங்கத்துக்கு மின்னஞ்சலில் வந்தது. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லாததால் திரை முழுக்க எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. மீட்கப்பட்டோர் ஒரு பட்டியல், இறந்தோர் ஒரு பட்டியல். எது எதுவென்று சொல்லும் தலைப்புகளும் கட்டங்களாகவே இருந்தன.

“எங்க வீட்டுக்காரரு பேரு கிளீட்டஸ். அஞ்சு எழுத்து,” என்றாள் பிலோமினா.

“கம்ப்யூட்டருக்கு ஒன்பதும்மா. புள்ளி, சுழி எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணும்,” என்றார் குமாஸ்தா தொபியாஸ்.

அவள் திரையில் விரல் வைத்து வரிவரியாக எண்ணினாள். மேல் பட்டியலில் ஒன்பது கட்டப் பெயர் இல்லை. கீழே ஒன்றே ஒன்று இருந்தது. விரல் அங்கேயே நின்றது.

தொபியாஸ் துறைமுகத்துக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை.

“இறந்தோர்னா எட்டுக் கட்டம் வரும். தலைப்ப எண்ணிப் பாக்கட்டுமா?” என்று மெல்லக் கேட்டார்.

பிலோமினா கீழ்ப் பட்டியலின் தலைப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்க மறுபடியும் போன் போடுங்க.”