சத்தம் வராத ஃபேன்

"பழைய ஃபேனைக் குடுத்துட்டு இதை வச்சுக்கங்கம்மா. மாநகராட்சி சும்மாவே தருது. கரண்ட் பில் பாதியாயிடும். ஓடுறதே தெரியாது, துளி சத்தம் வராது" என்றார் வந்தவர்.

அந்த வெள்ளை ஃபேன் சோனியாவுக்குக் கனவில் வந்த பொருள்போல இருந்தது. கல்யாணமாகி மைசூருக்கு வந்ததிலிருந்து பழைய ஃபேனின் இந்தக் கடகட சத்தத்துக்குள்தான் அவள் தூங்கி விழிக்கிறாள்.

"சத்தமே வராதா?" மாமியார் மாதேவி பதறினாள். "அப்ப பேடா, வேணாம் சார். பழசே இருக்கட்டும்."

"என்னங்கத்தை, பில்லைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டதே நீங்கதானே?"

"சத்தமில்லாட்டி எனக்குத் தூக்கம் வராது அம்மிணி."

சோனியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், பழைய ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

அந்த ஒற்றை அறையின் நடுவே ஒரு சேலைத் திரை தொங்கியது. அந்தப் பக்கம் அவளும் கணவன் பழனியும் படுப்பார்கள், இந்தப் பக்கம் அத்தை. முதல் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பழனியின் மூச்சு இப்போது திரையைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

அத்தை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரைக்குள் தான் கிசுகிசுத்ததும் சிரித்ததும் ஒவ்வொன்றாக நினைவில் மிதந்து வர, சோனியாவின் காதுமடல் சுட்டது.

"பேடா சார்" என்றாள், தலை நிமிராமல்.