சாவு வீட்டுக்கு ரெண்டு சாமந்தி

"வெக்கமா இல்ல உனக்கு? மனுஷனப் பொதைச்ச மண்ணு ஈரம் காயல, அதுக்குள்ள ரூம் காலியான்னு வந்து நிக்கறே!"

வாசப்படியக் கூட்டிக்கிட்டிருந்த ராய்னா, தொடப்பத்த ஊனிக்கிட்டு வழிய மறிச்சா.

நெவேனாவுக்கு முகமெல்லாம் எரிஞ்சுது. ஒரு கையில மக காலினா. இன்னொரு கையில ரெண்டு வெள்ளைச் சாமந்தி. சாவு வீட்டுக்கு ரெட்டைப்படையிலதானே பூ கொண்டு போகணும்? ரூசே ஊர்ல அது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

அன்னிக்கு டான்யூப் ஆத்துலேருந்து அப்படி ஒரு பனி. ஊரே பால்ல போட்ட ரொட்டி மாதிரி கரைஞ்சு கெடந்துது. இப்படி ஒரு பனியிலதான் நெவேனாவோட அப்பன் ஒரு தடவை வீடு மாறிப் போயி, பூட்ஸக் கழட்டி, ஒரு கிண்ணம் சூப்பும் குடிச்சு முடிச்சப்புறந்தான் பொண்டாட்டி வேறயா இருக்காளேன்னு பாத்தான். அந்தம்மாவும் சும்மா இருக்காம இன்னொரு கரண்டி ஊத்தியிருக்கா. சரி, அது எதுக்கு இப்ப?

நெவேனா துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவறவ. அந்தக் கூலிக்கு ஊர்ல ரூம் ஏது? தரகருங்க அவ போட்டிருக்கற பழைய கோட்டப் பாத்ததுமே "அது போயிடுச்சும்மா"ன்னுடுவாங்க. அம்மாவும் மகளும் படுத்துக் கெடந்தது சித்தி மக வீட்டு அடுப்படியில, சாப்பாட்டு மேசைக்கு அடியில. சித்தி மக கெட்டவ இல்ல. வாயும் வயிறுமா இருக்கா, பாவம், மாமியார் வேற வர்றா. "திமித்தர் திருநாளுக்கு எடத்த விட்டுடு நெவேனா"ன்னுட்டா. பழைய காலத்துலேருந்து குடிக்கூலிக்காரங்க பொட்டி கட்டற நாள் அது.

அந்தத் திருநாள்தான் இன்னிக்கு.

அந்த ஊர்ல யாராச்சும் செத்தா, போட்டோ போட்டுத் தாள் அடிச்சு கதவுல, மரத்துல, பஸ் நிக்கற எடத்துல எல்லாம் ஒட்டுவாங்க. மத்தவங்க நின்னு படிச்சு "ஐயோ பாவம்"னுட்டுப் போவாங்க. நெவேனா கடைசி வரியத்தான் படிப்பா. பொண்டாட்டி புள்ளைங்க பேர் இல்லேன்னா அந்த வீடு காலி. தப்புதான். ஆனா படிப்பா.

இன்னிக்குத் தாள்ல இருந்தது பெஞ்சோ. கப்பல்காரத் தொப்பி, தொங்கு மீசை. துக்கத்தோட: அக்கம்பக்கத்தார்.

"வெக்கமாத்தான் இருக்குக்கா. ஆனா வெக்கத்து மேல புள்ளையப் படுக்க வைக்க முடியலையே."

ராய்னா மொறைச்சா. அப்புறம் தொடப்பத்த இழுத்துக்கிட்டு ஒதுங்கினா. "போ, போ. மாடியில போயி செத்தவன் கதவையே தட்டு."

படிக்கட்டெல்லாம் பனி ஏறி வந்திருந்துது. எங்கேயோ பூசணிக்கா சுடற வாசனை.

"அம்மா, நாம மேகத்துக்குள்ள ஏறறோமா?"

"ஆமாடி. சத்தம் போடாம ஏறு."

தட்டினா. கதவு தொறந்துது.

கப்பல்காரத் தொப்பி. தொங்கு மீசை.

"அம்மா, தாள்ல இருக்கற தாத்தா!"

நெவேனா சிலுவை போட்டுக்கிட்டா. அவர் காலு தரையிலதான் இருக்கான்னு குனிஞ்சுகூடப் பாத்தா. "ஐயா... நீங்க... செத்து..."

"ஆமாம்மா, முந்தாநாள். உள்ள வா, காத்து அடிக்குது."

பூவ வாங்கினார். "ரெண்டா? மொறை தெரிஞ்ச பொண்ணு!" ஒண்ண எடுத்துக் காலினா கையில குடுத்துட்டு, இன்னொண்ணத் தன் தொப்பியில சொருகிக்கிட்டார். "உசுரோட இருக்கறவங்களுக்கு ஒத்தைப்படைதான். இப்ப சரியாப் போச்சு."

பக்கத்து ரூமத் தொறந்து விட்டார். ஒரு கட்டில், ஒரு இரும்படுப்பு. ஜன்னல் முழுக்க வெள்ளையாப் பனி. ரூமே ஆகாசத்துல மெதக்கற மாதிரி இருந்துது. காலினா கட்டிலுக்கு அடியில நொழையப் போனா. பழக்கம்.

"மேலயே படுக்கலாம் கண்ணு," அப்படின்னார் பெஞ்சோ.

நெவேனா பயந்து பயந்து கேட்டா. "வாடகை...?"

"முன்ன இருந்தவ ரொட்டிக் கடையில மாவு பெசைஞ்சவ. அவ குடுத்ததையே நீயும் குடு. அவள மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். அதான் செத்தேன்."

"புரியலையே ஐயா."

"இந்த வீட்டுல ஒரு ரூம் காலியானா நான் ஒரு தடவை சாவேன். 'வாடகைக்கு'ன்னு பலகை மாட்டிப் பாத்தேன்மா. கார்ல வந்து எறங்கி, ஜன்னல்ல ஆறு தெரியுமான்னு கேக்கறாங்க. ஆறு தெரியுமான்னு கேக்கறவனுக்கு எந்த ஊர்லயும் வீடு கெடைக்கும். சாவுத் தாளப் படிச்சுட்டு ரூம் கேட்டு எவன் வருவான்? எங்கேயும் போக எடமில்லாதவங்கதான் வருவாங்க."

நெவேனா அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா. அழுகையா சிரிப்பான்னு அவளுக்கே தெரியல.

பின்னால காலடிச் சத்தம். ராய்னா. கக்கத்துல தொடப்பம், கையில தட்டு நெறைய வெந்த கோதுமையும் சர்க்கரையும். செத்தவங்க பேரால குடுக்கறது.

"ஏன்க்கா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா என்ன அந்தத் திட்டுத் திட்டினே?"

"திட்டினா திரும்பிப் போறவளுக்கு இன்னொரு எடம் இருக்குன்னு அர்த்தம்." ஒரு கரண்டி அள்ளிக் காலினா வாயில ஊட்டிட்டு, ராய்னா தொடப்பத்த நெவேனா கையில குடுத்தா. "அடுத்த தடவை வாசல்ல நின்னு திட்டறது உன் வேலை. நான் இவரோட மொதச் சாவுக்கு வந்தவடி."