சுடாத மலைக்கு வரி

ஸ்காட்லாந்து மலைச்சரிவு, மழை விட்டும் விடாத வெளிச்சத்தில் பழுப்பாய் நனைந்து கிடக்கிறது. வரி மதிப்பிட வந்த ரென்னி, சேறு அப்பிய பூட்ஸோடு வேலியோரம் நிற்கிறார். "அண்ணன் போனப்புறம் இங்க யாரும் மான் சுட்டதே இல்ல. சுடாத மலைக்கு எதுக்குய்யா வேட்டை வரி?" என்கிறாள் மலைக்குச் சொந்தக்காரி இஷ்பெல். "சுடுற உரிமை உங்ககிட்ட இருக்கேம்மா, அதுக்குத்தான் வரி. நிஜமாவே யாரும் சுடலன்னா குறைச்சு எழுதிப் பாக்கறேன்." அவர் சொல்லி வாய் மூடவில்லை, புதர்களுக்கு நடுவே ஒரு பெண்மான் எழுகிறது. முறிந்த பின்னங்கால் தோலில் தொங்குகிறது. இரண்டடி நகர்ந்து விழுகிறது. மறுபடி எழப் பார்க்கிறது. அதன் மூச்சு வெண்புகையாய்க் கலைய, மேலே காக்கைகள் வட்டமிடுகின்றன. இஷ்பெலின் பார்வை தன் வண்டிக்குப் போகிறது. ஊரில் விற்றுவிடலாமென்று காலையில் எடுத்துவைத்த அண்ணனின் துப்பாக்கி பின்சீட்டில் கிடக்கிறது. ரென்னியும் அதைப் பார்க்கிறார். "நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்மா," என்கிறார் மெல்ல. "வேண்டாம். பாத்தே எழுதுங்க, இங்க ஒரு மான் சுட்டாச்சுன்னு." இஷ்பெல் துப்பாக்கியை எடுத்து வந்து குறிவைக்கிறாள். ஒரே வெடி. அதன் எதிரொலி மலைக்கு மலை தாவி ஓய்கிறது. ரென்னி தொப்பியைக் கழற்றுகிறார். ஈரப்புல்லில் மண்டியிட்டு, சூடு ஆறாத அந்தக் கழுத்தில் இஷ்பெல் கை வைக்கிறாள்.